கமீர்ப் பானை

செம்பூர்
21-11-65

மச்சான் கரீம் பாட்சா அவர்களுக்கு உதுமான் எழுதுவது. ஸலாம்.

ரொட்டிக்கடைப் படி ஏறக்கூடாது என்றீர்கள். ஏறவில்லை. கடிதம் எழுதக்கூடாது என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். செம்பூருக்கும் தாராவிக்கும் நடுவே ஐந்து மைல். அதற்குத் தபால்தலை ஒட்ட வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை நடந்ததில் என் தப்பு எது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த பத்துப் பேர் கடை வாசலில் டீயில் பன்னை முக்கித் தின்றுகொண்டிருந்தார்கள். ஆப்பக்கடை இனாயத்துல்லா பன்னைப் பிட்டு மோந்து பார்த்துவிட்டு என்னைக் கேட்டார். "ஏன் தம்பி, நீ கெமிஸ்ட்ரி படிச்சவன்லா? மாவு எப்படி இம்புட்டு உப்புது? உள்ள என்னத்தப் போடுதாரு உம்ம மச்சான்?"

கேட்டதற்குப் பதில் சொன்னேன். நேற்றைய மாவைப் புளிக்க வைத்து இன்றைய மாவுக்கு உறை ஊற்றுகிறீர்களே, அந்தக் கமீர்ப் பானைக்குள் ஈஸ்ட் என்ற உயிர் இருக்கிறது. அது மாவிலுள்ள சர்க்கரையைத் தின்னும். தின்றால் இரண்டை வெளியே விடும். ஒன்று காற்று, இன்னொன்று சாராயம். காற்றுதான் பன்னை உப்ப வைக்கிறது. கல்லூரியில் முதல் வருடப் பாடம் இது. இதில் பொய் எங்கே இருக்கிறது?

சாராயம் என்று வாயிலிருந்து விழுந்ததும் மாவுக் கையோடு என் சட்டையைப் பிடித்துத் தெருவில் தள்ளினீர்கள். மீதிப் பாதியைச் சொல்லவே விடவில்லை. சாராயம் எழுபத்தெட்டு டிகிரியில் ஆவியாகிவிடும். உங்கள் பட்டி அடுப்பின் சூடு இருநூற்றிருபது. வெந்து வருகிற பன்னில் ஒரு சொட்டுகூட மிச்சம் இருக்காது. இதையும் கேட்டிருந்தால் அவர்கள் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். பாதியில் நிறுத்தியது நீங்கள்தான், நான் இல்லை.

சட்டையில் உங்கள் ஐந்து விரலும் காய்ந்துபோய் அப்படியே இருக்கின்றன. துவைக்கப்போவதில்லை.

ரஷீதா லாத்தாவிடம் தம்பி ஒழுங்காகச் சாப்பிடுகிறான் என்று சொல்லவும்.

உதுமான்


786

தாராவி
25-11-65

உதுமானுக்கு,

உன் கடிதத்தை உன் லாத்தாதான் படித்துக் காட்டினாள். எனக்குக் கண் தெரியாமல் இல்லை. கோபத்தில் எழுத்து ஓடவில்லை.

தப்பு எது என்று கேட்டிருக்கிறாய். கேட்டுக்கொள். தினம் நாற்பது லாதி பாவ், நாற்பது தட்டு ரொட்டி, பட்டியிலிருந்து இறக்குகிறவன் நான். புதன்கிழமை பதினெட்டு லாதி அப்படியே திரும்பி வந்தது. அறுத்துக் காயவைத்து ரஸ்க் போட்டேன். ரஸ்க்கும் டப்பாவில் கிடக்கிறது. சைக்கிளில் ரொட்டி போடுகிற அப்துல் ரவூபைச் சந்துக்குச் சந்து நிறுத்தி, "என்ன வே, கிளாஸும் கொண்டாந்திருக்கியா?" என்கிறார்கள். "மதுவிலக்குப் போலீஸ் பாத்தா உள்ள தள்ளிருவான்" என்கிறார்கள். நேற்று சைக்கிளைக் கொண்டுவந்து சாய்த்துவிட்டு, "முதலாளி, நான் எண்ணெய்க்கடைக்கு வேலைக்குப் போறேன்" என்றான். கெஞ்சி நிறுத்தியிருக்கிறேன்.

இதெல்லாம் பெரிதில்லை. ஆறு வருடமாக நோன்பு முப்பது நாளும் நம் பள்ளிவாசலில் நோன்பு திறக்கிற முந்நூறு பன் என் பட்டியிலிருந்துதான் போகிறது. உனக்கே தெரியும், நீயே கூடை தூக்கியிருக்கிறாய். ஜமாஅத் தலைவர் செவ்வாய்க்கிழமை வந்தார். உட்காரவில்லை, டீ வேண்டாம் என்றார். "பாட்சா, இந்த வருசம் பன்ன வேற கடையில சொல்லலாமான்னு ஒரு பேச்சு இருக்கு" என்றார். டிசம்பர் பதினேழு, நோன்புக்கு முந்தைய கடைசி வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் பிறகு கூடி முடிவெடுப்பார்களாம். பள்ளிவாசல் வேண்டாமென்று சொன்ன ரொட்டியை எந்த வீடு வாங்கும்? அந்த முந்நூறு போனால் கடை போயிற்று.

எழுபத்தெட்டு, இருநூற்றிருபது என்று எழுதியிருக்கிறாய். அதை ஒருத்தனும் சந்து சந்தாகத் தூக்கிக்கொண்டு ஓடமாட்டான். சாராயம் என்ற ஒரு சொல்லைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினான்கள்.

லாத்தா உன்னோடும் பேசவில்லை, என்னோடும் பேசவில்லை. கடிதம் படிக்க மட்டும் வாயைத் திறந்தாள்.

கரீம் பாட்சா


செம்பூர்
28-11-65

மச்சானுக்கு,

நடந்ததைப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். பதினேழாம் தேதிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. வழி சொல்கிறேன்.

பன்னை உப்ப வைக்கக் காற்று வேண்டும். அந்தக் காற்று ஈஸ்டிலிருந்துதான் வரவேண்டும் என்று சட்டம் இல்லை. சோடா உப்பும் புளிப்பும் சேர்ந்தாலும் அதே காற்றுதான் வரும். புளிப்பைத் தூளாகவே சேர்த்து விற்றால் அதற்குப் பேக்கிங் பவுடர் என்று பெயர். பிஸ்கட்டுக்கு நீங்கள் போடுகிற அமோனியாவும் இந்த ஜாதிதான். சூடு பட்டதும் முழுக்கக் காற்றாகிப் பறந்துவிடும். ஆனால் கனமான பன்னுக்குள் வாடை சிக்கிக்கொள்ளும், அதனால் அது வேண்டாம். சோடாவும் தயிரும் போதும். இவற்றில் உயிர் கிடையாது, புளிக்கிற வேலை கிடையாது, சாராயம் பிறக்கவே பிறக்காது. கமீர்ப் பானையைக் கவிழ்த்து வாசலில் வையுங்கள், எல்லோரும் பார்க்கட்டும்.

மைதா ஒரு கிலோ. சோடா உப்பு பன்னிரண்டு கிராம். நன்றாகப் புளித்த தயிர் அரை லிட்டர். உப்பு, சர்க்கரை வழக்கம்போல. நிறுத்துப் போடவும். கைக்கணக்கு வேண்டாம். நீங்கள் கையால் அள்ளிப் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

சோடா உப்புப் பொட்டலத்தை ஹமீதிடம் கொடுத்திருக்கிறேன். என்னோடு ஆலையில் வேலை செய்கிறவன், உங்கள் பக்கத்துச் சால் குடியிருப்பில்தான் இருக்கிறான். இனி கடிதமும் அவன் கையில் கொடுக்கலாம், தபால்தலை மிச்சம்.

உதுமான்


786

தாராவி
5-12-65

உதுமானுக்கு,

உன் வழியில் போனேன். எங்கே போய்ச் சேர்ந்தேன் என்று சொல்கிறேன்.

என் தராசில் ஐம்பது கிராமுக்குக் கீழே படிக்கல் கிடையாது. கரண்டியால் போட்டேன். தயிர் காலையில் வாங்கியது. மாவைப் பிசைந்து, எப்போதும்போல ஈரத்துணி போட்டு மூடி, இரண்டு மணி நேரம் ஓரமாக வைத்தேன். திறந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி கிடக்கிறது. சரி, பட்டிக்குள் போனால் எழும் என்று உள்ளே தள்ளினேன். மேலே மஞ்சள் மஞ்சளாகத் திட்டு விழுந்து வந்தது. பிட்டால் நூல் ஓடவில்லை, பொலபொலவென்று உதிர்ந்தது. பன்னும் இல்லை, கேக்கும் இல்லை, ஈரச் சுவரிலிருந்து பெயர்ந்த காரை மாதிரி இருந்தது.

வீட்டோடு வைத்துக்கொண்டிருக்கலாம். கமீர் இல்லாத பன் என்று பத்து ஆளைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். என் புத்தி. இனாயத்துல்லா ஒரு வாய் கடித்தான், துப்பினான். "அன்னைக்குச் சாராயம், இன்னைக்குச் சவுக்காரமா வே?" என்றான். கடை வாசலே சிரித்தது. எனக்கே ஒரு நொடி சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் இன்னும் எரிகிறது.

நீ ஒன்று கேட்கவில்லை. மைதா ஒரு கிலோ என்று எழுதிவிட்டாய். என் கடையில் இரண்டு மூட்டை மைதா இருக்கிறது. கோட்டாவில் வருகிற அமெரிக்கக் கோதுமை மைதா பன்னுக்கு. நம் ஊர்க் கோதுமை மைதா நான்கட்டாய் பிஸ்கட்டுக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டால் பன் உட்காரும், நான்கட்டாய் ரப்பராக இழுக்கும். எந்த மைதா என்று கேட்காமலே வைத்தியம் எழுதுகிற டாக்டரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

பதினேழுக்குப் பன்னிரண்டு நாள். இனிமேல் பொட்டலம் எதுவும் அனுப்பாதே.

கரீம் பாட்சா


செம்பூர்
9-12-65

மச்சானுக்கு,

பொட்டலம் அனுப்பவில்லை. மாறாக உங்கள் இரண்டு மூட்டையிலிருந்தும் கால் கிலோ கால் கிலோ, கமீர்ப் பன் இரண்டு, எல்லாம் ஹமீது மூலம் வாங்கிக்கொண்டேன். லாத்தாதான் எடுத்துக் கொடுத்தாளாம். அவளைத் திட்டாதீர்கள்.

முதலில் சோடாவை முடித்துவிடுகிறேன். தப்பு என்னுடையது. சோடா ஈரம் பட்ட நிமிடமே காற்றை விடும். பிசைந்த கையோடு பட்டிக்குள் போக வேண்டும். இரண்டு மணி நேரம் மூடி வைத்தால் காற்று போய்விடும், உப்பு மட்டும் நிற்கும். நீங்கள் முப்பது வருடமாக மாவை மூடி வைக்கிறவர். இதை எழுதியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை. தயிரில் புளிப்பு போதாததால் மிஞ்சிய சோடா சூட்டில் காரமாக மாறியது. மஞ்சளும் சவுக்கார ருசியும் அதனால்தான்.

பிறகு மாவு. ஒவ்வொன்றிலும் ஓர் உருண்டை பிசைந்து, குழாயடியில் பிடித்துக் கழுவினேன். வெள்ளைத் தண்ணீர் முழுக்க ஓடினபிறகு கையில் ஒரு பசை நிற்கும், அதற்குக் குளூட்டன் என்று பெயர். பன் மூட்டையிலிருந்து எலுமிச்சம்பழம் அளவு நின்றது. ஒரு சாண் இழுத்தேன், அறவில்லை. நான்கட்டாய் மூட்டையில் நெல்லிக்காய் அளவுதான், இழுத்ததும் அறுந்தது. விடுதியில் சப்பாத்திக்கு வைத்திருந்த ஆட்டாவையும் கழுவினேன். அதில் பசை இருக்கிறது, ஆனால் தவிடு நடுவே புகுந்து வெட்டிவிடுகிறது. ஈஸ்ட் மெதுவாக ஊதுகிறது, அந்த எலுமிச்சம்பழப் பசை பலூன் மாதிரி விரிந்து அதைப் பிடித்துவைக்கிறது. அந்த மாவுக்கு அந்தக் கமீர்தான். உங்கள் பன்னை வேறு எதனாலும் செய்ய முடியாது. ஒப்புக்கொள்கிறேன்.

இனி சொல்லப்போவதை உட்கார்ந்து படியுங்கள்.

பதினேழாம் தேதி ஜமாஅத்தில் எழுந்து "வெந்த பன்னில் சாராயம் ஒரு சொட்டும் இல்லை" என்று சொல்லத் தயாராக இருந்தேன். சோதிக்காமல் சொல்லக்கூடாது என்று ஆலைச் சோதனைக்கூடத்தில் பன்னைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, முதலில் வடிந்த சொட்டுகளைச் சோதித்தேன். ஆரஞ்சு நிற மருந்து ஒன்று இருக்கிறது. சாராயம் பட்டால் பச்சையாகும். பச்சையானது. மிக மெல்லிய பச்சை, ஆனாலும் பச்சைதான். பட்டி இருநூற்றிருபது டிகிரி என்றாலும் பன்னின் வயிற்றுக்குள் நூறைத் தாண்டுவதில்லை. ஈரம் தங்குகிற இடத்தில் அதுவும் துளி தங்குகிறது. அன்று நீங்கள் சொல்லவிடாத அந்த மீதிப் பாதி, அதுதான் பொய். நல்லவேளை தள்ளிவிட்டீர்கள்.

அதோடு நிற்கவில்லை. கறுத்துப்போன வாழைப்பழத்தைக் காய்ச்சினேன். அதே பச்சை. ஹமீதை விட்டு இனாயத்துல்லா கடை ஆப்பம் வாங்கிவரச் செய்து காய்ச்சினேன். உங்கள் பன்னைவிட ஒரு படி கூடுதல் பச்சை! குழாயைக் கார்க் போட்டு வைத்திருக்கிறேன். பதினேழாம் தேதி அதை எல்லோர் முன்னாலும் நீட்டுகிறேன். சவுக்காரம் என்று சிரித்தவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

உதுமான்


786

தாராவி
12-12-65

உதுமானுக்கு,

குழாயை உடைத்துப் போடு.

நீ நெருப்பு வைத்துக் கண்டுபிடித்தது எனக்கு நாலு வருடமாகத் தெரியும். இனாயத்துல்லா பெண்டாட்டி ஹபீபா தினமும் அஸர் தொழுகை முடிந்ததும் பின்வாசலுக்கு ஒரு பித்தளைக் கிண்ணத்தோடு வருவாள். என் பானையிலிருந்து ஒரு கரண்டி கமீர் எடுத்துக் கொடுப்பேன். அதுதான் அவர்கள் ஆப்ப மாவுக்கு உறை. பின்னே பம்பாயில் கள்ளா கிடைக்கிறது? இந்தக் கலவரத்துக்குப் பிறகும் வருகிறாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு கிண்ணத்தை நீட்டுகிறாள். ஊற்றுகிறேன். கிண்ணத்தோடு வந்து நிற்கிறவளை என்ன சொல்லித் திருப்புவது?

நீ கேட்பாய், ஏன் இதைச் சொல்லி அவன் வாயை அடைக்கவில்லை என்று. உன் லாத்தாவும் அதைத்தான் கேட்டாள், மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. அடைத்தால் என் பன் விற்குமா? அவன் ஆப்பமும் விற்காமல் போகும், அவ்வளவுதான். நான்கு பிள்ளைகள் அந்த ஆப்பக்கல்லை நம்பி இருக்கின்றன. ஒரு சொல்லால் ஒரு கடை படுத்ததைப் பார்த்துவிட்டேன். அடுத்த கடையைப் படுக்க வைக்க என் வீட்டு ஆள் போகக்கூடாது.

வா. வந்து உண்மையைச் சொல். பச்சையானது என்றும் சொல். அதற்கு நான் தடை இல்லை, பள்ளிக்குள் நின்று பொய் சொல்லி விற்கிற பன் எனக்கு வேண்டாம். வாழைப்பழத்தைச் சொல். ஆப்பம் என்ற சொல் மட்டும் உன் வாயில் வரக்கூடாது. வந்தால் கடைப் படி மட்டுமில்லை, வீட்டுப் படியும் இல்லை.

கரீம் பாட்சா


செம்பூர்
14-12-65

வருகிறேன். ஆப்பத்தைச் சொல்லமாட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை. கையில் ஆதாரத்தை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது முட்டாள்தனம் என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் சொல்லமாட்டேன்.

குழாயைக் கழுவிவிட்டேன்.

உதுமான்


செம்பூர்
18-12-65

மச்சானுக்கு,

தோற்றுவிட்டேன். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

நேற்று ஜும்ஆ முடிந்து ஜமாஅத் உட்கார்ந்ததும் எழுந்தேன். அன்று பாதிதான் சொன்னேன், இன்று முழுதும் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். கமீர் என்ன செய்கிறது, பட்டி என்ன செய்கிறது, எல்லாம் சொன்னேன். வெந்த பன்னில் துளி தங்குகிறது, சோதித்துப் பார்த்தேன் என்றேன். தங்குகிறது என்றதும் முன்வரிசையில் இரண்டு பேர் "அஸ்தஃபிருல்லாஹ்" என்றார்கள். கறுத்த வாழைப்பழத்திலும் அதே அளவுதான் என்றேன். ஒருவர், "வாழப்பழம் அல்லா படச்சது, பன் பாட்சா படச்சது" என்றார். சிரிப்பு. எனக்குச் சுறுசுறுவென்று கோபம் ஏறியது. நான்கு தூண் தள்ளி இனாயத்துல்லா உட்கார்ந்திருந்தார். நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டேன். இன்றைக்கும் வலிக்கிறது.

தலைவர், "யோசிச்சுச் சொல்லுவோம்" என்றார். யோசிப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கடைப் பக்கம் திரும்பவில்லை, நேராகச் சயான் போய் பஸ் ஏறினேன்.

முழு உண்மையைச் சொன்னால் போதும் என்று நினைத்தேன். போதவில்லை. உங்கள் முந்நூறு பன் என்னால் போயிற்று. அப்துல் ரவூப் வேலையை விட்டுப் போனால் சொல்லுங்கள். லீவு போட்டுவிட்டு வந்து சைக்கிளில் ரொட்டி போடுகிறேன். கூவவும் செய்வேன். எவன் கிளாஸ் கேட்கிறான் என்று பார்க்கிறேன்.

உதுமான்


786

தாராவி
20-12-65

உதுமானுக்கு,

உன்னிடம் ஒரு வியாதி இருக்கிறது. என்னிடமும் அது இருக்கிறது. அன்று உன்னைப் பாதியில் நிறுத்தினேன் நான். வெள்ளிக்கிழமை நீயே பாதியில் எழுந்து போய்விட்டாய். செருப்பு விடுகிற இடத்தில் பன் தட்டை வைத்துக்கொண்டு நான்தான் நின்றிருந்தேன். என் காலை மிதித்துக்கொண்டு போனாய். பார்க்கவில்லை.

நீ போனபிறகு நடந்ததைக் கேள்.

ஹமீது வாய் சும்மா இருக்குமா? சோதனைக்கு ஆப்பம் வாங்கினதை வாங்கின அன்றே இனாயத்துல்லாவிடம் உளறிவிட்டானாம். நீ எழுந்து நின்றபோது இனாயத்துல்லா முகத்தைப் பார்த்தேன், மைதா மாதிரி இருந்தது. தன் பெயர் எப்போது வரும் என்று காத்திருந்திருக்கிறான். நீ வாழைப்பழத்தோடு நிறுத்தினாய். வாங்கிக் கட்டிக்கொண்டாய். போய்விட்டாய்.

தலைவர் அடுத்த விஷயத்துக்குப் போகப் பார்த்தார். இனாயத்துல்லா எழுந்தான். "ஒரு நிமிசம்" என்றான். "எங்க ஆப்பத்துக்கு உறை பாட்சா பானையிலருந்துதான் போவுது. நாலு வருசமா. வீட்டுக்காரி போயி வாங்கியாருவா. எங்க ஆப்பத்தயும் சோதிச்ச அந்தப் பயலுக்கு இது தெரியும். சொல்லியிருந்தா அவன் செயிச்சிருப்பான். சொல்லாமப் போறான் பாருங்க."

பள்ளி இமாம் ஹஸ்ரத்தான் கேட்டார். "இனாயத்துல்லா, உன் ஆப்பத்தத் தின்னு எவனுக்காவது மயக்கம் வந்திருக்கா?" இவன், "பத்து தின்னவனுக்குத் தூக்கம் வந்திருக்கு ஹஸ்ரத், மயக்கம் வரல" என்றான். ஹஸ்ரத் சிரித்துவிட்டார். என்னை உள்ளே கூப்பிட்டு, தட்டிலிருந்து ஒரு பன்னை எடுத்துப் பிட்டு வாயில் போட்டார். "பாட்சா, சூடு ஆறிப்போச்சேப்பா" என்றார். அதற்குப் பிறகு தட்டு என் கையில் காலியாகத்தான் இருந்தது. சாராயத்தைத் தூக்கிக்கொண்டு ஓடின அதே கால்கள் இதையும் தூக்கிக்கொண்டு ஓடின. சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது.

முந்நூறு கேட்டு நான் போகவில்லை. தலைவர் கடைக்கு வந்தார், உட்கார்ந்தார், டீ குடித்தார். இந்த வருடம் முந்நூற்றைம்பது.

நேற்று அஸருக்குப் பிறகு ஹபீபா வரவில்லை. முன்வாசலில், டீ குடிக்கிற கூட்டத்துக்கு நடுவில், பித்தளைக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு இனாயத்துல்லாவே நின்றான். "கமீர் ஒரு கரண்டி போடும்வே, நிறையப் போடும்" என்றான். போட்டேன்.

இனி வேலை. காலையில் கோட்டாவில் புது மூட்டை இறங்கியிருக்கிறது. மேலே அதே முத்திரை, உள்ளே மாவு வேறு. பிசைந்தால் கையில் ஒட்டுகிறது, இழுத்தால் அறுகிறது. நோன்பு வெள்ளியோ சனியோ, பிறை சொல்லும். அதற்குள் இது பன் மாவா நான்கட்டாய் மாவா என்று எனக்குத் தெரிய வேண்டும். குழாயடியில் கழுவிப் பார்க்கிற வித்தையை இங்கே வந்து செய். சின்னப் படிக்கல் இருந்தால் எடுத்து வா. அந்தச் சட்டையையும் எடுத்து வா, லாத்தா துவைத்துத் தருகிறாளாம்.

முன்வாசல் வழியாக வா. டீ குடிக்கிறவன் எவனாவது கமீரைப் பற்றி உன்னைக் கேட்கத்தான் போகிறான். சொல், முழுசாகச் சொல். முடிகிறவரைக்கும் நான் கையைக் கழுவிவிட்டு ஓரமாக நிற்கிறேன்.

கரீம் பாட்சா